மதிய வெயிலில் தடுமாறிய கணினி: நான்கு ரேம், 102 பஸ் வேகம், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழிஞ்சாம்பாறை கேரளத்துக்குள் இருந்தாலும் கடைத்தெருவில் காதில் விழுவது பாதிக்கு மேல் தமிழ்தான். வேலந்தாவளம் தாண்டினால் கோவை மாவட்டம். இங்கே நடக்கும் கல்யாணத்துக்கு அங்கிருந்து படம் எடுக்க வருவார்கள், அங்கே முகூர்த்தம் என்றால் இங்கிருந்து போவார்கள். அப்படி எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை செய்யும் ஒரு ஸ்டுடியோக் குடும்பத்தின் கணினியைப் பற்றியது இந்தப் பதிவு. நடந்தது 2024 மார்ச் மாதம். நான் அதே ஊரில் கணினி பழுது பார்க்கிறேன். அவர்கள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். அப்பாவைப் பெரியவர் என்றும், ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் செய்யும் மகனைத் தம்பி என்றும் குறிப்பிடுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

கணினியைத் தம்பி தானே பூட்டியது. 2023 ஆகஸ்டில், ஓணத்துக்கு முந்தைய வாரம், கோவையில் பாகங்கள் வாங்கி வந்து வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் பூட்டியிருக்கிறார். ரைசன் 5 5600 ப்ராசஸர், நான்கு ரேம் ஸ்லாட் கொண்ட ஒரு பி550 மதர்போர்டு, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்த ஒரு டிடிஆர்4 ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) செட். ரேம் அட்டையில் 3200, சிஎல்16 (கேட்ட தகவல் வர எத்தனை துடிப்பு ஆகும் என்ற எண்), 1.35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. பூட்டிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்டிக் இரண்டையும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் 2-ம், 4-ம் ஸ்லாட்டில் சரியாகப் போட்டிருந்தார். கேபிள்கள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன.

முதல் தடவை ஆன் செய்தபோது ரேம் 2133-ல்தான் ஓடியிருக்கிறது. இது பழுது அல்ல. டிடிஆர்4 ரேம் எதுவானாலும் முதலில் 1.2 வோல்ட்டில் ஒரு பொது வேகத்தில்தான் எழும். அட்டையில் இருக்கும் 3200 என்ற வேகம், ஸ்டிக்கிலேயே இருக்கும் ஒரு சின்ன சிப்பில் தனிக் குறிப்பாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். டிடிஆர்3 காலத்தில் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற ஏற்பாடு அது. கணினி எழும்போதே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் அதை நாம்தான் இயக்க வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் 2133-ல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தம்பி அன்றைக்கே கண்டுபிடித்து இயக்கிவிட்டார். டிசம்பர் வரை ஒரு தொந்தரவும் இல்லை.

எதெல்லாம் மாற்றப்பட்டது

தை மாத முகூர்த்தங்கள் வருவதற்கு முன்னால் 4கே வீடியோவுக்கு 16 ஜிபி போதவில்லை என்று டிசம்பரில் இன்னொரு செட் வாங்கியிருக்கிறார்கள். அதே கம்பெனி, அதே பெயர், அதே 3200 சிஎல்16. வாங்கிய கடை மட்டும் வேறு. நான்கு ஸ்லாட்டும் நிறைந்து 32 ஜிபி ஆனது. எக்ஸ்எம்பி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்ததால் நான்கு ஸ்டிக்கும் 3200-லேயே எழுந்துவிட்டன.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு ராத்திரி இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. பேஸ் கிளாக் என்னும் அடிப்படைத் துடிப்பைத் தம்பி 100-லிருந்து 102 ஆக்கிப் பார்த்தார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அப்புறம் வேலை மும்முரத்தில் அதை மறந்தே போனார். மார்ச்சில் நான் கேட்டபோதும் முதலில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

இந்த 102-ஐக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு இது பாதிக் காரணம். இன்றைய மதர்போர்டில் ஒரே ஒரு தாளம்தான் அடிப்படை. 100 மெகாஹெர்ட்ஸ். ப்ராசஸர் அதை 44-ஆல் பெருக்கி 4400-ஐத் தொடுகிறது. ரேம் அதை 16-ஆல் பெருக்கி 1600-ல் துடிக்கிறது, ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்புவதால் 3200 ஆகிறது. அதனால்தான் அட்டையில் 3200 என்று போட்டிருக்கும் ரேமைச் சில மென்பொருள்கள் 1600 என்று காட்டும், இரண்டும் சரி. அடிப்படையை 102 ஆக்கினால் பெருக்கல்கள் எல்லாமே சேர்ந்து ஏறும். ரேம் 1632-க்குப் போகும், அதாவது 3264. ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் கோர்களையும் ரேமோடு பேசும் மெமரி கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமோடு ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து ஓடுவதால் அதுவும் 1632. இதுபோன்ற போர்டுகளில் எஸ்எஸ்டி-யும் கிராஃபிக்ஸ் கார்டும் உட்காரும் பிசிஐ பாதைக்கும் தாளம் இதே இடத்திலிருந்துதான் போகிறது. ஒரு எண்ணைத் தொட்டோம் என்று நினைப்போம், தொட்டது வீட்டின் அஸ்திவாரத்தை.

நான் 2004-ல் வேலை பழகியபோது இதே விஷயம் தலைகீழாக வரும். அத்லான் எக்ஸ்பி 2500+ ப்ராசஸர் 166 துடிப்பை 11-ஆல் பெருக்கி 1833-ல் ஓட வேண்டும். போர்டில் துடிப்பை மாற்றும் ஜம்பரை 100-ல் விட்டுவிட்டால் 1100 என்று காட்டும், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவார்கள். ஜம்பரை மாற்றிக் கொடுத்து அனுப்புவோம். அப்போது தப்பான எண் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. வேகம் குறையும், ஆனால் தரவு கெடாது. 102 அப்படியில்லை.

முதலில் கவனித்தது

பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்திருக்கிறது. எடிட் செய்ததை வீடியோக் கோப்பாக்கும் எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும். நீலத் திரை வரும். ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட் என்று காரணம் சொல்லும், மறுநாள் வேறொரு டிரைவர் பெயரைச் சொல்லும். மார்ச் 11, திங்கட்கிழமை, தம்பி கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"காலைல எட்டு மணிக்கு உக்காந்தா மத்தியானம் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லீங்கண்ணா. ரெண்டு மணிக்கு மேலதான் ஆரம்பிக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மறுபடி நல்லா ஓடுது."

என் கடையில் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். மதியம் என்றதும் எனக்குத் தோன்றியது கரண்ட். எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குவது வழக்கம். போன வருடங்களில் இப்படி வந்த நான்கைந்து கணினிகளில், உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றியதும் சரியாகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இதற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பயாஸுக்குள் போய் ஒரு தடவை பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் 102 கண்ணில் பட்டிருக்கும். பார்க்கவில்லை. 13-ம் தேதி மதியம் போன் வந்தது. மறுபடியும் அதே கதை. இந்த முறை கூடவே ஒரு விஷயம் சொன்னார்: இரண்டு போட்டோக்களில் கீழ்ப்பாதி பச்சையாக இருக்கிறது.

அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. கணினி நின்று போவது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நிற்காமல் ஓடிக்கொண்டே படத்தைக் கெடுக்கிறது என்றால் அது வேறு வகைப் பிரச்சினை. எத்தனை நாளாக, எத்தனை படங்களை என்று யாருக்குத் தெரியும்?

"தம்பி, இப்பவே ஆஃப் பண்ணுங்க. எந்த கார்டையும் காப்பி பண்ணாதீங்க, எதையும் ஃபார்மேட் பண்ணாதீங்க. நாளைக்கு நானே வர்றேன்" என்றேன்.

வீட்டில் பார்த்தது

மாடியில் இருந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கேபினெட் மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டி. முன்பக்க வடிகட்டியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்த செம்மண் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. நான் போனது காலை பத்து மணிக்கு. அப்போதே அறை 32 டிகிரி. என் கடை இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம், நாள் முழுக்கக் குளிர்ச்சியாக இருக்கும். அங்கே நன்றாக ஓடியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ஆன் செய்து, வேகம் காட்டும் மென்பொருளைத் திறந்தேன். ரேம் வேகம் என்ற இடத்தில் 1632. அதற்கு மேல் பஸ் வேகம், அதாவது அந்த பேஸ் கிளாக், 102. 1600-க்குப் பக்கத்தில் 1597, 1598 என்று காட்டினால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. 1632 தானாக வராது, யாராவது கையால் வைத்தால்தான் வரும்.

"பேஸ் கிளாக்ல கை வெச்சீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமாங்கண்ணா. ஜனவரில. அதை மாத்தி வெச்சுட்டேன்னுதான் நினைச்சேன்."

உடனே பயாஸை ரீசெட் செய்துவிடலாம் என்றுதான் கை போகும். செய்யவில்லை. ரீசெட் செய்தால் கோளாறு மறையலாம், ஆனால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். எந்தக் கோப்புகளைச் சந்தேகப்பட வேண்டும் என்பதும் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இருந்த நிலையிலேயே சோதனையைத் தொடங்கினேன்.

முதலில் ஒரு எளிய சோதனை. கேமராவிலிருந்து வந்த 5 ஜிபி வீடியோக் கோப்பு ஒன்றை எடுத்து, விண்டோஸோடு வரும் செர்ட்யூட்டில் கட்டளையால் அதன் கைரேகை எண்ணை எடுத்தோம். ஒரு கோப்பில் தகவலின் மிகச் சிறிய துளியான பிட் ஒன்றே ஒன்று மாறினாலும் இந்த எண் முழுக்க மாறிவிடும். காலையில் நான்கு தடவை எடுத்தோம், நான்கும் ஒன்றே. மதியம் இரண்டரை மணிக்கு, அறை 37 டிகிரி, பின்னணியில் ஒரு எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுபடி எடுத்தோம். முதல் தடவை சரி. இரண்டாவது தடவை வேறு எண். மூன்றாவது தடவை முதல் எண்ணும் இல்லை, இரண்டாவதும் இல்லை, இன்னொரு எண். கோப்பை யாரும் தொடவில்லை. டிஸ்க்கில் அது அப்படியேதான் இருக்கிறது. ரேமுக்கு வந்து போகும் வழியில் மாறுகிறது. தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கணினி அவ்வளவாகத் தெரியாதவர், ஆனால் மூன்று எண்களையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஒன்று ஒன்றாகப் பிரித்துப் பார்த்தது

மார்ச் 14-லிருந்து 18 வரை ஐந்து நாள். மெம்டெஸ்ட்86 பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமலே ரேமை மட்டும் சோதித்தோம். விண்டோஸுக்குள், கனமான கணக்குகளைக் கொடுத்து ப்ராசஸரையும் ரேமையும் சோதிக்கும் ப்ரைம்95-ன் பிளெண்ட் சோதனையும் கூடவே ஒரு வீடியோ எக்ஸ்போர்ட்டும். ஒவ்வொரு அமைப்பையும் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை.

இருந்த நிலையில், அதாவது நான்கு ஸ்டிக், 102 துடிப்பு: காலை ஏழு மணிக்கு மெம்டெஸ்ட் ஒரு சுற்று முழுக்கப் பிழையில்லாமல் முடிந்தது. மதியம் பதினான்காவது நிமிடத்தில் சிவப்பு வரி வந்தது. எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. வித்தியாசம் ஒரே ஒரு பிட்.

துடிப்பை 100-க்கு இறக்கினோம். மதியம் மெம்டெஸ்ட் இரண்டு சுற்று சுத்தமாகப் போனது. தம்பி "சரியாயிருச்சுங்கண்ணா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் விண்டோஸுக்குள் ப்ரைம்95-ஐயும் எக்ஸ்போர்ட்டையும் சேர்த்து ஓட விட்டோம். ஐம்பதாவது நிமிடத்தில் ப்ரைம்95-ன் ஒரு கணக்கு தப்பாகி நின்றது. மெம்டெஸ்ட் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். கேபினெட்டுக்குள் சூடு ஏறாது. எடிட்டிங் நேரத்தில் அந்தக் கார்டு கக்கும் அனல் நேராக ரேம் மேல்தான் போகிறது. மெம்டெஸ்ட் பாஸ் ஆனால் போதும் என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வெப்பநிலையை அளக்க கோவிட் காலத்தில் வாங்கிய துப்பாக்கி வெப்பமானியை எடுத்தேன். ரேம் மேலிருக்கும் பளபளப்பான உலோகத் தகட்டை அது சரியாகப் படிக்காது, குறைவாகக் காட்டும். அதனால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தோம். காலையில் 43. மதியம் எக்ஸ்போர்ட் நடக்கும்போது, நடுவில் இருந்த ஸ்டிக்கில் 61.

61 டிகிரி ரேமைக் கொன்றுவிடாது. டிடிஆர்4 சிப்புகள் 85 டிகிரி வரை சாதாரணமாக ஓட வேண்டியவை. ஆனால் ரேமின் ஒவ்வொரு செல்லும் ஒரு பொடி மின்தேக்கி. அதில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு தடவை படித்துத் திருப்பி எழுதுகிறார்கள். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். 85-ஐத் தாண்டினால் அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கணினியில் ஏற்கெனவே நூலிழையில் ஓடிக்கொண்டிருந்த அமைப்பு, மதியச் சூட்டில் அந்த நூலிழையையும் இழந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பி வைத்தபோது, அதே 100 துடிப்பில், நான்கு ஸ்டிக் 3200-ல், பிழை வரவில்லை. சூட்டுக்குப் பங்கு இருக்கிறது என்பது உறுதியானது.

அப்புறம் செட்டுகளைத் தனித்தனியாகப் பார்த்தோம். பழைய செட் மட்டும், 3200, மதியம் மூன்று மணி நேரம்: சுத்தம். புதிய செட் மட்டும், அதே வேகம், அதே நேரம்: சுத்தம். நான்கில் ஒன்றுகூடக் கெட்ட ஸ்டிக் இல்லை. வாங்கிய கடையில் போய்க் கேட்க நமக்கு ஒன்றுமே இல்லை.

காரணம் என்று புரிந்துகொண்டது

அட்டையில் போட்டிருக்கும் 3200 பொய்யில்லை. ஆனால் அது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஸ்டிக்குக்கான உறுதி. இரண்டு பெட்டி வாங்கிச் சேர்த்தால் நான்கும் சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. அதே பெயரில் வரும் செட்டுகளில்கூட உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம். இந்த இரண்டு செட்டிலும் உள்ளே இருந்த எண்களைப் படித்துப் பார்த்தபோது சிப் தயாரிப்பாளரே வேறு.

ப்ராசஸர் பக்கமும் கணக்கு இருக்கிறது. டிடிஆர்4 காலத்து ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம், இரண்டு ஸ்டிக் என்றால் 3200. நான்கு ஸ்லாட்டும் ஒற்றை ரேங்க் (ஸ்டிக்கில் சேர்ந்து இயங்கும் சிப்புகளின் ஒரு தொகுதி) ஸ்டிக்குகளால் நிறைந்திருந்தால் 2933. இரட்டை ரேங்க் என்றால் 2667. கம்பெனியே இப்படிக் குறைத்துச் சொல்லக் காரணம், ப்ராசஸரிலிருந்து ரேமுக்குப் போகும் ஒரு பாதையில், அதாவது ஒரு சானலில், இரண்டு ஸ்டிக் தொங்கும்போது மெமரி கன்ட்ரோலர் தள்ள வேண்டிய சுமை கூடுகிறது, சிக்னல் போய்த் திரும்பும்போது எதிரொலிகள் கலக்கின்றன. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் போட்ட மாதிரி. இந்த விவரம் ப்ராசஸர் பெட்டியில் இல்லை, ரேம் பெட்டியிலும் இல்லை. தம்பி அதைத் தெரிந்துகொள்ளாததை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

ஆக, காரணம் மூன்றும் சேர்ந்தது. 2933-க்கு மேல் உறுதி இல்லாத இடத்தில் நான்கு ஸ்டிக்கை 3200-ல் வைத்தது. அதன் மேல் 102 என்று இன்னும் தூக்கியது. இரண்டையும் குளிர்காலத்தில் சோதித்துவிட்டுக் கோடையில் ஓட்டியது. பாலக்காட்டில் ஜனவரி ராத்திரிக்கும் மார்ச் மதியத்துக்கும் இடையில் எளிதாகப் பதினைந்து டிகிரி வித்தியாசம் உண்டு. ஏப்ரலில் 40-ஐத் தொடும்.

எடுத்த முடிவு

வழிகள் பல இருந்தன. ஃபேனை வைத்தே ஓட்டலாம் என்பது தம்பியின் விருப்பம்.

"ஃபேன் வெச்சா 3200-லயே ஓடுதுங்களேண்ணா. அப்படியே விட்டுரலாங்களா?"

"கரண்ட் போனா ஃபேன் நின்னுரும். யூபிஎஸ்ல கம்ப்யூட்டர் ஓடும். அப்ப காப்பி ஆகிற கார்டு என்ன ஆகும்?"

பதில் இல்லை. மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி, சிஎல் எண்களைத் தளர்த்தி 3200-ஐத் தக்கவைக்கவும் முடிந்திருக்கும். வீட்டில் விளையாட வைத்திருக்கும் கணினியாக இருந்தால் நானே ஒரு வாரம் உட்கார்ந்து செய்திருப்பேன், பிடித்த வேலைதான். இது அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தை வைத்திருக்கும் கணினி. விளிம்பில் நிற்பதை இன்னொரு விளிம்புக்கு நகர்த்த எனக்கு மனசு வரவில்லை.

2933-ல் வைத்தால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு சானலும் சேர்ந்து 3200-ல் விநாடிக்கு 51.2 ஜிபி. 2933-ல் 46.9. சிஎல்16-ஐ அப்படியே வைத்தால் முதல் தகவல் வர ஆகும் நேரம் 10 நானோ விநாடியிலிருந்து 10.9 ஆகும். தாளில் இது எட்டு சதவீதத்துக்கு மேல். அவர்களுடைய சொந்த வேலையிலேயே அளந்தோம்: பன்னிரண்டு நிமிட 4கே தொகுப்பு, ஒரே எக்ஸ்போர்ட் அமைப்பு. 3200-ல் 9 நிமிடம் 40 விநாடி. 2933-ல் 9 நிமிடம் 52 விநாடி.

பெரியவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "பன்னெண்டு செகண்டுதானுங்களே. படம் போச்சுன்னா மறுபடி கல்யாணம் பண்ணிக்கங்கன்னு சொல்ல முடியுமா?"

துடிப்பு 100. ரேம் 2933, சிஎல்16, 1.35 வோல்ட். ஃபேப்ரிக் 1467, ரேமோடு ஒன்றுக்கு ஒன்று. ப்ராசஸரில் கை வைக்கவில்லை, அது தானாகவே 4400 வரை ஏறி இறங்கட்டும் என்று விட்டோம். கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, வடிகட்டியைக் கழுவி, பின்பக்கம் ஒரு ஃபேன் கூடுதலாகப் போட்டோம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் நான்கு சுற்று. இரண்டு மதியம், தலா நான்கு மணி நேரம், ப்ரைம்95-ம் எக்ஸ்போர்ட்டும் சேர்ந்து. பிழை இல்லை. அதே 5 ஜிபி கோப்பின் கைரேகை இருபது தடவையும் ஒன்றாகவே வந்தது. டேப் மேல் வெப்பம் 54.

கெட்டுப்போன படங்கள்

கணினி சரியான பிறகும் எங்களுக்குப் பத்து நாள் வேலை இருந்தது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் 13 வரை அந்தக் கணினி வழியாகப் போன ஒன்பது கல்யாணங்களும் சந்தேகத்துக்குரியவை.

இங்கே காப்பாற்றியது பெரியவரின் ஒரு பழைய பழக்கம். கேமராவில் இரண்டு கார்டு. இரண்டாவது கார்டை அவர் தன் பழைய லேப்டாப்பில் செருகி ஒரு வெளி டிஸ்க்கில் தனியாக ஏற்றி வைப்பார். "எதுக்குப்பா ரெண்டு வேலை" என்று மகன் சொல்லியும் நிறுத்தவில்லை. ஆறு கல்யாணங்களுக்கு அந்தப் பிரதி இருந்தது. எல்லாக் கோப்புகளின் கைரேகையையும் இரண்டு இடத்திலும் எடுத்து ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பதினேழு படங்கள் பொருந்தவில்லை. பதினேழையும் பெரியவரின் டிஸ்க்கிலிருந்து மாற்றினோம். அவற்றில் ஆறு, திறந்து பார்த்தால் நன்றாகவே தெரியும் படங்கள். கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் தப்பவிட்டிருப்போம்.

மற்ற மூன்று கல்யாணங்களுக்கு இரண்டாவது கார்டு அடுத்த வேலைக்காக அழிக்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தோம். ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினால் பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கீழே நிறம் திரியும், அல்லது பட்டை பட்டையாக நகர்ந்து போகும். அப்படி ஐந்து கிடைத்தன. நான்குக்கு முன்னும் பின்னும் எடுத்த வேறு படங்கள் இருந்தன. ஒன்றுக்கு இல்லை. மணப்பெண்ணின் பாட்டி மேடைக்கு வந்து அட்சதை போடும் படம். பாட்டியின் நெற்றி வரைக்கும் இருக்கிறது, அதற்குக் கீழே பச்சைக் கோடுகள்.

பெரியவர் வேறு படத்தை வைத்து ஆல்பத்தை முடித்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வேலந்தாவளத்துக்கு நேரில் போய் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னார். பாட்டியைத் தனியாக உட்கார வைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

இனி வேறு மாதிரிச் செய்வது

என் பக்கத்தில் முதலில் மாறியது: எந்தக் கணினி வந்தாலும் கழற்றுவதற்கு முன் பயாஸ் பக்கங்களைப் படம் எடுத்துவிடுகிறேன். "கோளாறு எத்தனை மணிக்கு வருது, எந்த ரூம்ல" என்று கேட்டு எழுதி வைக்கிறேன். என் கடையில் வராத கோளாறை, வரும் இடத்துக்கே போய்ப் பார்க்கிறேன்.

புதிதாகப் பூட்டுபவர்களுக்கு 32 ஜிபி வேண்டும் என்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே செட்டாக வாங்கச் சொல்கிறேன். பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஸ்லாட்டைக் காலியாக வைப்பது மலிவான வழிபோலத் தெரியும். டிடிஆர்5 வந்த பிறகு இந்த இடைவெளி இன்னும் பெரிது. ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் அதிகாரபூர்வமாக 3600-தான். இதைச் சொல்லாமல் நான்கு ஸ்டிக் விற்பதை நான் நிறுத்திவிட்டேன்.

சாதாரண ரேமில் ஒரு பிட் மாறினால் சொல்ல ஆளில்லை. சர்வர்களில் போடும் ஈசிசி ரேம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் கூடுதலாக வைத்து ஒற்றைப் பிழையைத் தானே திருத்தும். படத் தொகுப்புக்கு அப்படி ஒரு கணினி பூட்ட முடியுமா என்று தம்பி இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை ஒவ்வொரு கார்டையும் ஏற்றிய உடனே கைரேகை எடுத்து, கார்டோடு ஒப்பிட்ட பிறகுதான் கார்டை அழிக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு இருபது நிமிடம் கூடுதல்.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. அதில் தேதி, அறை வெப்பம், துடிப்பு, ரேம் வேகம், வோல்டேஜ், எத்தனை மணி நேரம் சோதித்தது என்று தம்பியின் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். 2024 மே மாதம் ஒரு வரி, 2025 ஏப்ரலில் ஒரு வரி. ஏப்ரல் வரியில் அறை 39 டிகிரி, நான்கு மணி நேரம், பிழை 0.